ஒலிப்பதிவில் இரண்டு குரல்கள்

அந்த அறையில் நான், என் மனைவி காந்திமதி, விசாரணை அதிகாரி ஆகிய மூவர்தான் இருந்தோம். மலையில் மோதிய விமானத்தை ஓட்டியவன் என் மகன் சங்கரலிங்கம். விமானி அறையின் ஒலிப்பதிவை அதிகாரி எங்களுக்குப் போட்டுக் காட்டினார். மேகத்துக்குள் மலை இருக்கிறது, மேலே ஏற்றுங்கள் என்று துணை விமானி குர்தீப் சிங் இந்தியில் இருமுறை கெஞ்சினார். “எனக்குத் தெரியும்” என்று இந்தியிலேயே அவரை அடக்கினான் என் மகன். வீட்டில் நான் பேசும் தொனி அது. பிறகு தமிழில் ஓர் அலறல்: “அப்பா!”

காந்திமதி என் கையைப் பிடித்தாள். “நம்ம புள்ள ஒங்களத்தான் கூப்பிடுதான்.”

“சும்மா இரு. எனக்குத் தெரியும்.”

கடைசியில் என் மகன் பயந்து அலறியதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அலறியவர் குர்தீப் சிங்.