எரிச்சல் நின்ற கால்

சர்க்கரை நோய் வரவழைக்கப்பட்ட எலிகளின் கால் வலிக்கு நொச்சிச் சாறு கொடுத்துப் பார்ப்பதுதான் குமுதவல்லியின் ஆராய்ச்சி. அவளுக்கும் சர்க்கரை உண்டு. செருப்புக்குள் தணலைக் கொட்டியதைப் போல் பல வருட எரிச்சல். பொறுக்க முடியாமல், எலிகளுக்கு வைத்திருந்த சாற்றை யாருக்கும் தெரியாமல் தானும் குடிக்கத் தொடங்கினாள். போன வாரம் எரிச்சல் நின்றது. அன்று அழுதே விட்டாள்.

இன்று காலை, வலி இருக்கிறதா என்று பார்க்க, விறைப்பான நைலான் நூலின் முனையால் எலியின் பாதத்தைக் குத்தினார்கள். வழக்கமாக வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளும் எலி அசையவே இல்லை.

“வலி போயிருச்சு மேடம்!” என்று துள்ளினாள் உதவியாளர் ரெஜினா.

“வலி போச்சா, உணர்ச்சியே போச்சான்னு எலி சொல்லாதும்மா.”

சொன்ன பிறகுதான் குமுதவல்லிக்குத் தன் கால் நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலிமேல் நீட்டினாள்.

“அதே நூலால என் கால்ல குத்து. எந்த இடம்னு நான் சொல்றேன்.”

ரெஜினா ஒன்றும் புரியாமல் நூலை எடுத்தாள். குமுதவல்லி கண்களை இறுக மூடிக்கொண்டாள். கூண்டுகளில் எலிகள் பிறாண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏம்மா சும்மா நிக்கிற? குத்தும்மா.”

ரெஜினா ஏற்கெனவே மூன்றாவது இடத்தில் நூல் வளையும்வரை குத்திக்கொண்டிருந்தாள்.