பன்னிரண்டாம் அறையின் இருவர்

பன்னிரண்டாம் அறைப் பெரியவர்கள் இருவரும் திரையிலிருந்து காணாமல் போயிருந்தார்கள்.

ஆட்கள் அறையில்தான் இருக்கிறார்கள். மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, செஸ் பலகையை நடுவில் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். முதியோர் இல்லத்தின் கணினியில் மட்டும் இல்லை.

கணினியில் இல்லாதவருக்கு மாலை மாத்திரைப் பட்டியலிலும் இடமில்லை. ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவருக்கு இதயம். மூன்று நாளாக ஒரு நர்ஸ் ஞாபகத்தில் வைத்துக் கொடுத்துவருகிறார். நாளை முதல் அவர் லீவு.

அந்த மென்பொருளை எழுதியவள் ஊரின் மறுகோடியில், ஆறிப்போன காபியோடு தன் அலுவலகத் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு அவளே தனியாக எழுதியது. திட்டுவதற்கு வேறு ஆளும் கிடையாது.

கணினியின் நினைவகத்தில் ஒவ்வொரு மனிதரும் ஓர் ஆப்ஜெக்ட், இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு தகவல் மூட்டை. அங்கே கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர் ஒருவர் உண்டு, அவரும் ஒரு நிரல்தான். வாசலிலிருந்து கிளம்பி, யாரை யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிடியாகத் தொட்டுக்கொண்டே போவார். அப்படிப் போய்த் தொட முடிந்தவர்கள் தப்பித்தார்கள். முடியாதவர்களின் இடத்தைக் காலி செய்துவிடுவார். கோபதாபம் ஒன்றும் கிடையாது. அவர் வேலை அது.

அவள் எழுதியதில் வாசல் என்பது வெளியாட்களின் தொடர்புப் பட்டியல். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் வெளியே ஓர் உறவு பிடித்திருக்கும். யாருமே இல்லாமலா ஒருவர் வந்து சேரப்போகிறார் என்று அன்று நினைத்திருந்தாள்.

சேமிப்பில் அழியாமல் இருந்த இருவரின் பதிவுகளையும் திறந்தாள்.

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் இவர் அவரைக் கொடுத்திருந்தார். அவர் இவரைக் கொடுத்திருந்தார். கெட்டியான பிடிதான். ஆனால் வெளியிலிருந்து இருவரில் ஒருவரையும் யாரும் பிடித்திருக்கவில்லை. துப்புரவாளர் இருவரையும் சேர்த்தே துடைத்துவிட்டுப் போயிருந்தார்.

இல்லத்தின் வரவேற்பு மேசைக்குப் போன் செய்து, எப்போது மாற்றினார்கள் என்று கேட்டாள்.

“மூணு நாளாச்சு மேடம். எத்தனை தடவ கூப்பிட்டாலும் எடுக்காத நம்பர் எதுக்கும்மான்னு, ரெண்டு பேரும் சேர்ந்து வந்து அழிக்கச் சொல்லிட்டாங்க. நல்லா சிரிச்சிக்கிட்டுதான் சொன்னாங்க.”

அவள் நன்றி சொல்லி வைத்தாள்.

திருத்தம் ஒரே வரிதான். இனி உள்ளே இருப்பவர்களை அறைகளே பிடித்துக்கொள்ளும், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓட்டிப் பார்த்தாள். துப்புரவாளர் வந்தார், போனார். பன்னிரண்டாம் அறை அப்படியே நின்றது. மாத்திரைப் பட்டியலில் இரண்டு பெயர்களும் வந்து உட்கார்ந்தன.

வேலை முடிந்தது. பதிவை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம்.

மூடவில்லை. இரண்டு பதிவுகளிலும் உறவு என்ற கட்டத்தில் ஒரே சொல்தான் இருந்தது. சம்பந்தி.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது.

அவர்களைச் சம்பந்திகளாக்கிய கல்யாணத்தை நீதிமன்றம் இரண்டு வருடத்துக்கு முன்பே முடித்து வைத்துவிட்டது. அது அவளுடைய கல்யாணம். தன் மாமனாராக இருந்த அந்த வீட்டு மனுஷரோடு போய் ஒரே அறையில் தங்குவதா என்ற கோபத்தில்தான் அப்பாவின் போனை அவள் எடுக்காமலே இருந்தாள்.

அப்பாவின் பதிவில் தன் நம்பரைச் சேர்த்தாள். உறவு: மகள்.

மற்றவரின் பதிவையும் திறந்து, அதே நம்பரைப் போட்டாள். உறவு என்ற கட்டத்தில் சற்று நேரம் விரல் நின்றது.

‘மருமகள்’ என்று அடித்துச் சேமித்தாள்.