வாழ்த்துச் சொல்லாத விருந்தாளிகள்

“நான் ஆடு திருடிட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்” என்றார் பாஸ்டர் அன்செல்மோ. உட்காரக்கூட இல்லை.

மர்காலா ஊரின் பாஸ்டர்கள் நாங்கள் ஏழு பேர், மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் கூடுவோம். காப்பி குடிப்போம், ஜெபிப்போம், ஒருவரையொருவர் கேலி செய்வோம். அன்செல்மோ எட்டாவது ஆள். மனைவி டெல்ஃபினா இறந்த பிறகு ஒரு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. ஆறுதல் சொல்லப் போனவர்களையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆடு திருடுவது என்றால் எங்களுக்குள் பெரிய குற்றம். அடுத்த சபையின் விசுவாசியை நம் சபைக்கு இழுத்துக்கொள்வது. அதற்காகப் பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் உண்டு.

எங்களில் மூத்தவர் பாஸ்டர் எரிபெர்த்தோ. ஜெபம் செய்தாலே யாரையோ மிரட்டுவது போலிருக்கும். பாதி தின்ற பலேயாதா ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

“யாரோட ஆடு?”

“எல்லாரோடதும்தான் அண்ணே.”

“எல்லாரோடதுமா! பேராசைதான்யா உனக்கு. விவரமாச் சொல்லு.”

அன்செல்மோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார்.

“பாதிப் பேர் டெல்ஃபினாவோட அக்கார்டியன் வாசிப்புக்காகத்தான் வந்துட்டிருந்தாங்கன்னு அவ போனப்புறம்தான் தெரிஞ்சுது. கடைசியில நாலே பேர். அதுல ஒருத்தருக்குக் காது கேக்காது. இன்னியோட போதும், ஆராதனை முடிஞ்சதும் பூட்டிச் சாவியை உங்ககிட்ட கொடுத்துடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை முடிவே பண்ணிட்டேன். அன்னிக்குப் பார்த்து ஒரு குடும்பம் உள்ளே வந்துச்சு.”

“விருந்தாளியா வந்திருப்பாங்க. அதுக்கென்ன?”

“எழுந்து நின்னு பேரைச் சொன்னாங்க. வாழ்த்துச் சொல்லலையே அண்ணே!”

எங்களுக்கு அது போதும். வேறு சபைக்குப் போனால் எழுந்து நின்று, ‘இன்ன சபையிலிருந்து உங்களுக்கு வாழ்த்துதல் கொண்டுவந்திருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூட இதை மறக்காது. சொல்லாதவர் பழைய சபையை உதறிவிட்டு வந்தவர் என்று அர்த்தம்.

“அடுத்த வாரம் இன்னொரு குடும்பம் சேர்ந்துச்சு. அதுக்கடுத்த வாரம் இன்னொண்ணு. இதோட ஏழு வாரம். ஒருத்தரும் வாழ்த்துச் சொல்லலை. எல்லாம் உங்க ஆளுங்கன்னு எனக்குத் தெரியும். சின்ன ஊருதானே. ‘உங்க பாஸ்டருக்குத் தெரியுமா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை. கேட்டா போயிடுவாங்களோன்னு பயம். முகம் பார்த்துப் பிரசங்கம் பண்ணி எத்தனை நாளாச்சு! சனிக்கிழமையானா சட்டை தேய்க்க ஆரம்பிச்சுட்டேன் அண்ணே. சந்தோஷமா இருந்துட்டேன்.”

பாக்கெட்டிலிருந்து சபைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ஆடுகளைத் திருப்பி அனுப்பிடுறேன். சபையைப் பூட்டிடுறேன்.”

நான் காப்பிக் கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என் சபையிலேர்ந்து யாரைத் திருடினே? அதைச் சொல்லு முதல்ல” என்று அதட்டினார் எரிபெர்த்தோ.

“உங்க மாமியார் ஒத்திலியா அம்மா வீட்டுக்காரங்களை. முதல் முதல்ல வந்ததே அவங்கதான்.”

“மாமியார் உன் பிரசங்கத்துல தூங்குறாங்களா?”

“இல்லையே. முதல் வரிசையில உட்கார்ந்து சத்தமா ஆமென் சொல்றாங்க.”

“என்கிட்ட இருபது வருஷமா குறட்டைதான் விட்டாங்க!”

யாரோ களுக்கென்று சிரித்தார். எரிபெர்த்தோ சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சாவியை எடுத்து அன்செல்மோவின் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார்.

“திருடுற மூஞ்சியப் பாரு! வாசல்ல நீ தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா நாங்க வேற எப்படிய்யா உள்ளே வர்றது? ஆளுக்கொரு குடும்பத்தை உன்கிட்ட அனுப்பறதுன்னு இதே மேஜையில உட்கார்ந்து முடிவு பண்ணினோம். வாழ்த்துச் சொல்லிடாதீங்க, சொன்னா இரக்கப்பட்டு அனுப்பினோம்னு கண்டுபிடிச்சிடுவான்னு வீடு வீடாப் போய்ப் படிச்சுப் படிச்சுச் சொன்னவன் நான். நாலாவதா வந்த குடும்பம் இவன் அனுப்பினது.”

என்னைக் காட்டினார். உண்மைதான். என் சபையில் கிதார் வாசிப்பவனின் குடும்பம் அது. அவனை அனுப்ப எனக்கு மனசே வரவில்லை என்பதும் உண்மை. அவன் போனதிலிருந்து எங்கள் பாட்டு எந்தத் தாளத்திலும் நிற்பதில்லை.

அன்செல்மோ அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“மத்தவங்கள்லாம் நீ போகச் சொன்னா வந்துடுவாங்க. மாமியார் மட்டும் இனி என் பக்கம் வரமாட்டாங்களாம். அந்த ஒரு ஆட்டைத்தான் நீ நிஜமாவே திருடினது” என்றார் எரிபெர்த்தோ.

அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தார் அன்செல்மோ. “ஏழு வாரமா கர்த்தருக்கு நன்றி சொல்லிட்டிருந்தேன் அண்ணே. உங்களுக்கும் சொல்லியிருக்கணும். தெரியாமப் போச்சே.”

“நாங்களும் ஒண்ணு சொல்லாமத்தானே வெச்சிருக்கோம். எழுந்திருங்கப்பா எல்லாரும்.”

ஏழு பேரும் எழுந்து நின்றோம். எரிபெர்த்தோவின் அந்த முரட்டுக் குரல் தடுமாறி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“பாஸ்டர் அன்செல்மோ, மர்காலாவின் ஏழு சபைகளிலிருந்தும் உங்களுக்கு வாழ்த்துதல் கொண்டுவந்திருக்கிறோம்.”