இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்

மலைச்சரிவில் ஒரு கேமரா விடியலுக்காகக் காத்திருந்தது. முந்தைய இரண்டு நாளும் மழை கெடுத்துவிட்டது. இன்று விட்டால் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். கிழக்கு வெளுக்கும் நேரம் பார்த்து, ஒரு வெள்ளாடு குறுக்கே வந்து மேய்ந்தது.

“கொஞ்சம் நகரு தாயே, படம் கெடுது” என்றது கேமரா.

ஆடு நகர்ந்தது.

“இன்னும் இடதுபக்கம். ஐயோ, வால் தெரியுது! கொம்பு மறைக்குது!”

சொன்னபடியெல்லாம் நகர்ந்த ஆடு கடைசியில், “சூரியன் வந்து ரொம்ப நேரமாச்சே!” என்றது.

கேமரா நிமிர்ந்தது. பள்ளத்தாக்கு முழுக்க வெயில் சுள்ளென்று அடித்தது. கேமராவுக்கு வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது.

“இவ்வளவு பெரிய கண்ணை வச்சுக்கிட்டு உன் வாலைத்தான் பார்த்திருக்கேன்! நீயாவது பார்த்தியா? எப்படி இருந்துச்சு?”

“முதல்ல பனி செவந்துச்சு...” என்று ஆடு அசைபோட்டபடி ஆரம்பித்தது.

கேமரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.