ரெண்டு பேருக்கும் பங்கு

பத்து நாளாகத் தூங்காத பேச்சியம்மா தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்திருந்தாள். மடியில் குழந்தை, தோலும் வெள்ளை, முடியும் வெள்ளை.

“வெள்ளைக்காரத் தொரை ஜாடைன்னு லயத்து வீடு பூரா பேசுதுங்க” என்றான் புருஷன் அழகுமுத்து.

யாழ்ப்பாணத்து டாக்டர் சலிப்போடு நிமிர்ந்தார். “இவள் உனக்குச் சொந்தமோ?”

“மாமன் மகதாங்க.”

“உன்ர ரத்தத்திலயும் இவளின்ர ரத்தத்திலயும் இந்த வெள்ளை ஒளிஞ்சு கிடக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் பிள்ளையில தெரியும். இது உன்ர பிள்ளைதான்.”

அழகுமுத்துவுக்கு உயிர் வந்தது. “வா புள்ள, வீட்டுக்குப் போவோம்.”

அவள் எழுந்திருக்கவில்லை.

“மொதல்ல இறம்பொடைக்குப் போவோம் மச்சான். அக்காவக் கூட்டியாரணும்.”

“அவ எதுக்கு இப்ப?”

“அவளும் உங்க மாமன் மகதானே? அவ பெத்ததும் இப்படி வெள்ளையா இருக்குன்னுதானே, அவள வெரட்டிட்டு என்னையக் கட்டுனீங்க?”