பீப்பாவின் இரைச்சல்

“உந்தச் சொறி நாயை அவிட்டுக் கலையும், கனிசியஸ். இது ஆஸ்பத்திரி.”

“அது என்னோடை நிக்கட்டும் ஐயா. நாய் போனால் நானும் போயிடுவன்.”

ஆஸ்பத்திரி மிசின்களுக்குப் பொறுப்பான பரமலிங்கம், நாய் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். கொதிகலனுக்கு நெருப்புப் போட வேறு ஆள் இல்லை. எண்ணெய் வராமல் போனதிலிருந்து பனங்குற்றிதான் எரிந்தது. புகையைக் கண்டு பொம்மர் விமானம் குண்டு போட வரும் என்று மற்றவர்கள் வேலையை விட்டு ஓடிவிட்டார்கள். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கனிசியஸ் மட்டும் மிச்சம்.

அந்தக் கிழமை மூன்று பேருக்கு அறுவைக் காயம் சீழ்பிடித்திருந்தது. ஆவியில் அவித்த துணிகள் ஈரமாகவே வெளியே வந்தன. ஆவி தண்ணீரைக் காவிக்கொண்டு வருகிறதா, துணியை நெருக்கி அடுக்கிய பிழையா என்று தெரியவில்லை. உள்ளே ஒரு பெண், வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்க, துடித்துக்கொண்டிருந்தாள். ஆவி காய்ந்தது என்றால்தான் டொக்டர் கத்தியை எடுப்பார். இல்லையென்றால் உழவு இயந்திரப் பெட்டியில் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு. வழியில் அவள் தாங்கமாட்டாள்.

ஆவியைச் சோதிக்கக் கடைத் தராசில் சாக்குச் சுற்றிய பீப்பா இருந்தது. அதற்குள் ஐம்பது கிலோ கிணற்றுத் தண்ணீர். ஆவிக் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, நிறை இரண்டு கிலோ கூடும்வரை திறக்க வேண்டும். காய்ந்த ஆவி தண்ணீரை நன்றாகச் சூடாக்கும். ஈர ஆவிக்கு அந்தச் சூடு இல்லை.

பரமலிங்கம் வெப்பமானியைக் கட்டியபடியே சொன்னார். “திறந்தால் பீப்பா இரையும். பொம்மர் வந்தாலும் எனக்குக் கேளாது. நீர்தான் காவல்.”

“முகத்தைப் பாத்துக் கதையுங்கோ ஐயா. குனிஞ்சுகொண்டு என்ன புறுபுறுப்பு?”

அவர் நிமிர்ந்து மறுபடியும் சொன்னார்.

“ஓம், நான் பாக்கிறன்.”

கனிசியஸ் நாய்க் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வாசலில் குந்தினான்.

குழாய் திறந்தது. பீப்பா கல்லுடைக்கும் மிசின்போல் இரைந்தது. பரமலிங்கம் தராசில் கண்வைத்திருந்தார். தராசுத் தண்டு இன்னும் எழும்பவில்லை.

“மூடுங்கோ! ஓடுங்கோ!” கயிறு சுற்றிய கையை வீசிக்கொண்டு கனிசியஸ் துள்ளி எழுந்தான்.

பங்கர்க் குழிக்குள் விழுந்த பிறகுதான் அவருக்குப் பொம்மர் கேட்டது. மதிலுக்கு அப்பால் குண்டு வெடித்தது. தலையில் மண் கொட்டியது.

“கனிசியஸ், இருக்கிறீரா? அடேய் கனிசியஸ்!”

இருட்டில் பதில் இல்லை. செபம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

பொம்மர் போனதும் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்தார்கள். தண்ணீரின் சூடு இருபத்தெட்டுப் பாகையிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது. பரமலிங்கம் சிகரட் பெட்டி மட்டையில் கணக்குப் போட்டார். ஆவியில் காய்ந்த பங்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

“மிஸி! ஆவி நல்லாய்க் காய்ஞ்சிருக்கு. துணியைத் தளர்வாய் அடுக்கி அவியுங்கோ. டொக்டரை ஆயத்தப்படுத்தச் சொல்லுங்கோ!”

யன்னலில் நின்ற தாதி உள்ளே ஓடினாள். பரமலிங்கம் நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். கனிசியஸ் முதுகைக் காட்டியபடி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“பாம்புக் காதப்பா உமக்கு! அந்த இரைச்சலுக்கை எப்பிடிக் கேட்டது?”

அவன் கிளறிக்கொண்டே இருந்தான்.

“கனிசியஸ்!” என்று கத்தினார்.

நாய்தான் திரும்பிப் பார்த்தது. மணிக்கட்டில் கயிறு இழுபட்ட பிறகே கனிசியஸ் திரும்பி, பயந்த கண்களோடு அவருடைய உதடுகளைப் பார்த்தான்.