கேட் இல்லாத வாசல்

விபத்தில் கணவனை இழந்து, இடுப்பு முறிந்து பிழைத்த வேதவல்லியால் பிக்கப் வண்டியை ஓட்ட முடிந்தது; பின்னால் ஏறிப் பலாப்பழம் இறக்கத்தான் முடியவில்லை.

“வித்துடலாம் அண்ணி,” என்று கொழுந்தன் கொளஞ்சி ஓர் ஆளைக் கூட்டிவந்தான். வந்தவர் டயரை உதைத்துப் பார்த்தார். வேதவல்லி வண்டியின் பின்கதவைத் திறந்து, தரையில் நின்றபடியே ஒரு கையால் இழுத்தாள். பழக்குவியலோடு ஓர் இரும்புத்தட்டு சக்கரங்களில் உருண்டு வந்து அவள் இடுப்புக்கு நேராக நின்றது. அதன் விளிம்பில் கொளஞ்சியுடைய அண்ணனின் பெயர் வெயிலில் பளிச்சிட்டது.

கொளஞ்சி வீட்டைத் திரும்பிப் பார்த்தான். தள்ளு கேட் நின்ற இடம் வெறுமையாக, வாசல் திறந்து கிடந்தது.

“நம்ம கேட்டையா அண்ணி அறுத்தீங்க?”

“சக்கரத்தோட சும்மாதான நின்னுச்சு. நானே அறுத்து, நானே மாட்டுனேன்.”

பிறகு வந்தவரிடம் சொன்னாள்: “வண்டி விக்கறதில்லைங்க. பழம் வேணும்னா தட்டிப் பாத்து எடுங்க.”